மூக்கடைப்பு ஸ்ப்ரேயும் மூன்று நாள் கணக்கும்

மெடிக்கல் ஷாப்பில் போய் "மூக்கடைப்பு, ராத்திரி தூங்கவே முடியல" என்று சொன்னால் கடைக்காரர் யோசிக்காமல் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைப்பார். 10 மில்லி இருக்கும். ஓட்ரிவின், நேசிவியான் மாதிரி ஏதோ ஒன்று. சீட்டு கேட்க மாட்டார், எத்தனை நாள் போடணும் என்று சொல்லவும் மாட்டார். இதே வகை மருந்து அமெரிக்காவில் விற்கும்போது பெட்டியின் மேலேயே 3 நாளுக்கு மேல் பயன்படுத்தாதே என்று அச்சடித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் சில தயாரிப்புகளில் 5 நாள், 7 நாள் என்று பார்த்திருக்கிறேன். நம்ம ஊரில் அந்த வரியைத் தேடத்தான் வேண்டும், மடித்து வைத்த தாளில் எறும்பு சைஸ் எழுத்தில்.

பிரஷர் மாத்திரையை ஆயுசு முழுக்கப் போடச் சொல்கிறார்கள். சாதாரண ஜலதோஷ மருந்துக்கு மட்டும் ஏன் மூன்று நாள்? அந்த 3 எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் ராத்திரியில் படித்ததின் குறிப்புகள்தான் இது. நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர்காரன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். மூக்கு அடைத்தால் உள்ளே சளி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதனால்தான் பலம் கொண்ட மட்டும் சிந்துகிறோம். சிந்தியும் திறக்காது. ஏனென்றால் பெரும்பாலும் அடைப்பது சளி இல்லை, ரத்தம். மூக்கின் உள் பக்கச் சுவரில் மூன்று அடுக்காக மடிப்புகள் இருக்கின்றன, டர்பினேட் என்பார்கள். அவற்றின் தோலுக்கு அடியில் பஞ்சு மாதிரி ரத்தக் குழாய்கள். நாம் உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது அவற்றின் வேலை. ஜலதோஷம் பிடித்தால் அந்தப் பஞ்சு ரத்தத்தை வாங்கி ஊதிவிடுகிறது, வழி அடைபடுகிறது.

ஆரோக்கியமாக இருக்கும்போதும் இது ஓயாமல் நடப்பதுதான். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் லேசாக வீங்கி, மறு பக்கம் சுருங்கும். பிறகு மாறும். 1895-இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை அளந்து எழுதினார். நம்மூரில் சூரியகலை, சந்திரகலை என்று சரம் பார்ப்பவர்கள் அதற்கு ரொம்ப முன்னாலேயே எந்தத் துவாரத்தில் மூச்சு ஓடுகிறது என்று கவனித்திருந்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன பலன்களை விடுங்கள், கவனிப்பு சரியானது.

ஆக, மூக்கைத் திறக்க வேண்டுமானால் அந்த ரத்தக் குழாய்களைச் சுருக்கணும். கடந்த 140 வருஷ மூக்கு மருந்து வரலாறு முழுக்க இந்த ஒரே வேலைதான்.

முதலில் வந்தது கோகெய்ன். ஆமாம், அதேதான். 1884-இல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கொல்லர் அது கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று காட்டினார். மூக்கு டாக்டர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். மரத்துப்போகவும் செய்யும், வீக்கத்தையும் வற்றவைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? சிக்மண்ட் ஃப்ராய்ட் 1890களில் தன் பெர்லின் நண்பரான மூக்கு மருத்துவர் ஃப்ளீஸ் பேச்சைக் கேட்டு மூக்கில் கோகெய்ன் தடவிக்கொண்டிருந்தவர். அமெரிக்காவில் நாள்பட்ட சளிக்கு என்று மூக்குப்பொடி மாதிரி விற்ற பேட்டன்ட் மருந்துகள் சிலவற்றில் கோகெய்ன்தான் சரக்கு, அதை வெளியே சொல்லவில்லை. 1906-இல் வந்த சட்டம்தான் லேபிளில் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது.

அடுத்து அட்ரினலின். 1901 வாக்கில் நியூயார்க்கில் இருந்த ஜப்பானியர் ஜோகிச்சி தகமினேவும் அவருடைய உதவியாளர் உயெனகாவும் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ரத்தக் குழாயைச் சுருக்குவதில் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் நீடிக்காது, சீக்கிரமே அடங்கிவிடும். பிறகு எஃபெட்ரின். சீனர்கள் காலங்காலமாகக் கஷாயம் வைத்துக் குடித்த மா ஹுவாங் செடியிலிருந்து நாகாய் என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1885-இல் பிரித்து வைத்தார். நாற்பது வருஷம் அப்படியே கிடந்தது. 1924-இல் பீக்கிங்கில் சென் என்ற சீனரும் ஷ்மிட் என்ற அமெரிக்கரும் சேர்ந்து அது அட்ரினலின் மாதிரியே வேலை செய்கிறது, ஆனால் அதிக நேரம் நிற்கிறது என்று எழுதியதும் மேற்கத்திய கம்பெனிகள் விழித்துக்கொண்டன. எஃபெட்ரின் மூக்குச் சொட்டு மருந்து வந்தது.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்மித், க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் கம்பெனி பென்ஸெட்ரின் இன்ஹேலர் கொண்டுவந்தது. விக்ஸ் இன்ஹேலர் மாதிரி ஒரு குழாய், உள்ளே மருந்தில் ஊறிய காகிதம். அந்த மருந்து ஆம்ஃபெட்டமின். முதலில் ஒரு குழாயில் 325 மில்லிகிராம் இருந்தது. அதே கம்பெனி பிறகு விற்ற மாத்திரை ஒன்று 10 மில்லிகிராம்தான். ஒரு குழாயில் முப்பது மாத்திரைக்கு மேல் இருக்கிறது, அதுவும் சீட்டில்லாமல்! குழாயை உடைத்து, காகிதத்தை எடுத்து, காபியில் ஊறப்போட்டுக் குடித்தார்கள். ராத்திரியெல்லாம் விழித்து எழுதிய எழுத்தாளர்கள், ஜாஸ் இசைக்காரர்கள், சிறைக் கைதிகள் எல்லாரும். 1949-இல் கம்பெனியே மருந்தை மாற்றியது. ஆம்ஃபெட்டமின் இன்ஹேலருக்கு மருந்துச் சீட்டு கட்டாயம் என்று அரசு சொல்ல 1959 ஆகிவிட்டது.

இதெல்லாம் போதை சம்பந்தப்பட்ட கதை, எல்லாரும் சொல்வது. எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்கு அடியில் சத்தமில்லாமல் ஓடிய இன்னொரு கதை. 1931-லேயே ஃபாக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், அட்ரினலினும் எஃபெட்ரினும் நாள்கணக்கில் மூக்கில் போட்டால் உள் தோலுக்கு என்ன ஆகிறது என்று எழுதிவிட்டார். மருந்தின் வேகம் தீர்ந்ததும் மூக்கு பழைய நிலைக்கு வந்து நிற்பதில்லை, அதைத் தாண்டி வீங்குகிறது. யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ள வைத்தது ப்ரைவின். சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி 1940களில் விற்ற நாஃபஸோலின் சொட்டு மருந்து. எஃபெட்ரினைவிட பலமானது, பல மணி நேரம் நிற்கும், போட்டால் எரிச்சல் பெரிதாக இல்லை. சூப்பர் ஹிட். கொஞ்ச நாளில் மூக்கு டாக்டர்களிடம் ஒரு புது வகை நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். ஜலதோஷம் போய் மாதக்கணக்கில் ஆகிறது, மூக்கடைப்பு மட்டும் போகவில்லை, கையில் ப்ரைவின் பாட்டில். 1945-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வருஷம் லேக் என்ற மருத்துவர் இந்த நிலைக்கு ஒரு பெயரே வைத்தார்: ரைனைட்டிஸ் மெடிகமென்டோஸா. தமிழில் சொன்னால் மருந்தால் வந்த மூக்கு நோய்.

இதன் பொறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்ப்ரே அடித்தால் இரண்டு நிமிஷத்தில் மூக்கு திறக்கிறது. வேகம் குறைந்ததும் அடைக்கிறது. "இன்னும் சளி போகல போல" என்று மறுபடி அடிக்கிறோம். இப்போது அடைத்திருப்பது சளியா மருந்தா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை, இரண்டும் ஒரே மாதிரி உணர்வு. மருந்தை நிறுத்தினால் நோய் அதிகமாகிறது, போட்டால் குறைகிறது. ஆகவே மருந்து நல்ல மருந்து என்றுதான் யாரும் முடிவு கட்டுவார்கள். தன் பிழையைத் தானே மறைத்துக்கொள்ளும் பிழை. எங்கள் தொழிலில் இந்த வகை பக்தான் பிடிக்கவே கஷ்டம்.

முன்பு எங்கள் டீமில் ஒரு நண்பர் இருந்தார். லேப்டாப் பையில் ஒன்று, காரில் ஒன்று, தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று என்று மூன்று பாட்டில் வைத்திருந்தார். பாட்டில் இல்லாமல் ஊருக்குக் கிளம்பமாட்டார். நாலு வருஷமாக "எனக்கு சைனஸ்" என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போனாரா என்றால், "இது சும்மா சொட்டு மருந்துதானே பாஸ், மாத்திரைகூட இல்ல" என்பார். இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இந்த மாதிரி ஒருத்தரைத் தெரிந்திருக்கும்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒருமித்த விளக்கம் இல்லை. அடிக்கடி சுருக்குவதால் தோலுக்குப் போகும் ரத்தமே குறைந்து, அதனால் நீர் கோத்து வீங்குகிறது என்பது ஒரு விளக்கம். மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ரிசெப்டார்கள் பழகிப்போய் மந்தமாகிவிடுகின்றன, உடம்பு தானாகச் சுரக்கும் சுருக்கும் பொருளையும் குறைத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று.

சரி, கம்பெனிகள் என்ன செய்தன? இன்னும் நல்ல மூலக்கூறு தேடின. சீபாவே 1950களில் சைலோமெடாசோலினைக் கண்டுபிடித்தது. அதுதான் ஓட்ரிவின். அதைக் கொஞ்சம் மாற்றி 1961-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் மெர்க் கம்பெனியைச் சேர்ந்த ஃப்ரூஸ்டார்ஃபர், முல்லர்-கால்கன் இருவரும் ஆக்ஸிமெடாசோலின் செய்தார்கள். அதுதான் நேசிவியான், அமெரிக்காவில் ஆஃப்ரின். ஒரு தடவை போட்டால் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். இன்று நாம் வாங்குவது கிட்டத்தட்ட எல்லாமே இந்த இரண்டில் ஒன்று.

இங்கே ஒரு எண் குழப்பம் இருக்கிறது, கவனியுங்கள். சைலோமெடாசோலின் பெரியவர்களுக்கு 0.1%, குழந்தைகளுக்கு 0.05%. ஆக்ஸிமெடாசோலின் பெரியவர்களுக்கு 0.05%, குழந்தைகளுக்கு 0.025%. அதாவது 0.05% என்று போட்டிருந்தால் ஒன்றில் அது குழந்தை மருந்து, இன்னொன்றில் பெரியவர் மருந்து. சதவீதத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு "அதே 0.05 கொடுங்க" என்று வாங்கினால் என்ன ஆகும்?

குழந்தைகள் விஷயம் ஏன் அவ்வளவு பெரிசு என்பதற்கு இதே குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1962-இல் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனியில் ஹெல்முட் ஸ்டேலே என்ற வேதியியலாளர், மூக்கடைப்புக்கு என்றே ஒரு புதுப் பொருள் செய்தார். அந்தக் காலத்தில் கட்டுப்பாடெல்லாம் இப்போது மாதிரி இல்லை. கம்பெனி மருத்துவர் வுல்ஃப், ஜலதோஷத்தோடு வேலைக்கு வந்திருந்த தன் செக்ரட்டரியின் மூக்கில் சில சொட்டுகள் விட்டார். அந்த அம்மா தூங்கிப்போனார். ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. நாடி மெதுவாகியிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. மூக்கு வழியாகப் போன மருந்து மூளையைத் தொட்டுவிட்டது. நல்லவேளை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மருந்துதான் குளோனிடின். 1966-இல் பிரஷர் மருந்தாக விற்பனைக்கு வந்தது. நம்மூரில் அர்காமின் என்று கிடைக்கும், கிட்னி நோயாளிகள் இருக்கும் வீடுகளில் பார்த்திருப்பீர்கள்.

குளோனிடினும் நம் மூக்கு ஸ்ப்ரேக்களும் வேதியியலில் பங்காளிகள். பெரியவர்கள் மூக்கில் அளவாகப் போடும்போது ஸ்ப்ரே மருந்து மூளை வரை போவது ரொம்பக் குறைவு. சின்னக் குழந்தை பாட்டிலை எடுத்து உறிஞ்சிவிட்டால் அப்படி இல்லை. அந்த செக்ரட்டரிக்கு நடந்ததே நடக்கும், இன்னும் மோசமாக: மயக்கம், மெதுவான மூச்சு, சில நேரம் கோமா. 2012-இல் அமெரிக்க மருந்து ஆணையமான எஃப்.டி.ஏ இந்தக் குடும்பத்து மூக்கு ஸ்ப்ரேக்கள், கண் சொட்டு மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் தவறிக் குடித்த 96 சம்பவங்கள், அதில் 53 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள். 1 அல்லது 2 மில்லி போதும் என்றது அந்த எச்சரிக்கை. நாம் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கும் பாட்டில் 10 மில்லி. குழந்தை குடித்துவிட்டது என்று தெரிந்தால், நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு. கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டுதான், மற்றதெல்லாம் டாக்டர் சொன்னால் மட்டும்.

பிராண்ட் பெயரை நம்பி வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்துக்காரர் ஆலன் பாக்ஸ்டர் சாட்சி. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் வெண்கலம் வாங்கினார். பிரிட்டன் அந்த விளையாட்டில் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம். மூக்கடைப்புக்கு அங்கேயே கடையில் ஒரு விக்ஸ் இன்ஹேலர் வாங்கியிருந்தார், ஊரில் எப்போதும் போடுவதுதானே என்று. பிரிட்டிஷ் விக்ஸில் இல்லாத லெவோமெத்தாம்ஃபெட்டமின் அமெரிக்க விக்ஸில் இருந்தது. பதக்கம் போயிற்று. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்று விளையாட்டு நடுவர் மன்றம் ஒத்துக்கொண்டது, ஆனால் பதக்கம் திரும்பவில்லை. இங்கேயும் ஓட்ரிவின் பெயரிலேயே வெறும் உப்புநீரும் கிடைக்கிறது, சுருக்கும் மருந்தும் கிடைக்கிறது. முதலாவதைத் தினமும் போடலாம், இரண்டாவதைக் கூடாது. பெட்டியில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

இனி அந்த 3. ஆக்ஸிமெடாசோலின் அமெரிக்காவில் 1966-இல் சீட்டு மருந்தாக வந்து, 1975-இல் சீட்டில்லாமல் விற்கும் மருந்தானது. கடையில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் பெட்டிதான் டாக்டர் வேலையைப் பார்க்கணும். சளி, இருமல் மருந்துகளை அலசிய நிபுணர் குழுவின் அறிக்கை 1976-இல் வந்தது. அதன் மேல் எஃப்.டி.ஏ இறுதி விதி போட்டது 1994-இல். எங்கள் ஆபீஸ் டிக்கெட்கூட பதினெட்டு வருஷம் ஓப்பனாக இருந்ததில்லை. 3 நாளுக்கு மேல் வேண்டாம், மீறினால் அடைப்பு திரும்பி வரலாம், மோசமாகலாம் என்ற எச்சரிக்கை அந்த விதியில் இருக்கிறது. 1931-இல் ஃபாக்ஸ் எழுதியது கடைசியில் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

நாலாம் நாள் காலையில் மூக்கு கெட்டுவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஸ்வீடனில் 1990களில் பீட்டர் கிராஃப் என்பவர் ஆரோக்கியமான ஆட்களுக்கே ஒரு மாதம் ஆக்ஸிமெடாசோலின் கொடுத்துப் பார்த்தார், வீக்கம் திரும்பி வந்தது. பத்து நாள் வரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. ஆக, 3 என்பது பள்ளத்தின் விளிம்பு இல்லை, விளிம்புக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்ட வேலி. சாதாரண ஜலதோஷத்தில் அடைப்பு உச்சத்தில் இருக்கும் நாட்களும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் எனக்கு அது நியாயமான வேலியாகவே படுகிறது.

இந்த மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் வேலை செய்யும் மருந்து இது. சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபினைல்எஃப்ரினை வாய்வழி சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பயனில்லை என்று 2023-இல் எஃப்.டி.ஏ ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொன்னது. தைலம், மென்தால் எல்லாம் மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டி, திறந்த மாதிரி ஒரு உணர்வைக் கொடுக்கின்றன, வழி அகலமாவதில்லை. ஸ்ப்ரே நிஜமாகவே திறக்கிறது. தூக்கம் இல்லாத இரண்டு ராத்திரிக்கு அது வரம்தான்.

போடும் முறையில் சின்ன விஷயங்கள். மெதுவாக மூக்கைச் சிந்திவிட்டு, தலையை லேசாக முன்னால் சாய்த்து, முனையை நடுத் தண்டுப் பக்கம் காட்டாமல் கண்ணோரத்தைப் பார்த்த மாதிரி வெளிப்பக்கமாகக் காட்டி அடிக்கணும். உறிஞ்சி இழுத்தால் தொண்டைக்குத்தான் போகும். ஒருத்தர் பாட்டிலை இன்னொருத்தர் போடக் கூடாது. பிரஷர், இதய நோய், தைராய்டு, கிளாக்கோமா, ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஒவ்வாமையால் வருஷம் முழுக்க மூக்கடைப்பு என்றால் அதற்கு வேறு ஸ்ப்ரே, ஃப்ளூட்டிகசோன் மாதிரியான ஸ்டீராய்டு வகை. அது இதற்கு நேர் எதிர். உடனே ஒன்றும் தெரியாது, சில நாள் விடாமல் போட்டால்தான் வேலை செய்யும். ஆனால் மக்கள் அதை இரண்டு நாள் போட்டுவிட்டு "சுத்த வேஸ்ட்" என்று தூக்கிப் போடுகிறார்கள், மூன்று நாளில் நிறுத்த வேண்டியதை மூன்று வருஷம் போடுகிறார்கள். உப்புநீரால் மூக்கு கழுவுபவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள், கொதிக்கவைத்து ஆறவைத்தது வேண்டும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இரண்டு பேர் அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி உண்டு. காது-மூக்கு-தொண்டை டாக்டர் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஆரம்பித்துவிட்டு, பழைய ஸ்ப்ரேயை நிறுத்தச் சொல்வார். இரண்டு பக்கமும் ஒரே நாளில் நிறுத்தினால் ராத்திரி மூச்சு முட்டும், அந்த பயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் திரும்பப் பாட்டிலைத் தேடுகிறார்கள். அதற்குச் சில டாக்டர்கள் சொல்லும் உபாயம்: முதலில் ஒரு துவாரத்தில் மட்டும் நிறுத்துவது. அந்தப் பக்கம் சில நாள் அடைத்துக் கிடக்கும், மூச்சு மறுபக்கம் ஓடும். ஒன்றிரண்டு வாரத்தில் அது தானாகத் திறந்துகொண்ட பிறகு, அடுத்த துவாரத்திலும் நிறுத்தலாம்.